மொண்ட்ராகன் கூட்டுறவுக் குழுமம்

மொண்ட்ராகன் கூட்டுறவுக் குழுமம் என்பது ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பாகும். இந்நிறுவனங்களுக்குத் தொழிலாளர்களே உரிமையாளர்கள். முதலாளித்துவச் சந்தைக்குள் இருந்துகொண்டே இலாபத்தையும் அதிகாரத்தையும் நியாயமாகப் பங்கிட முடியுமா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அமைப்பு இது. இதில் ஏறத்தாழ 80 கூட்டுறவு நிறுவனங்களும் 70,000 பணியாளர்களும் உள்ளனர்.

தோற்றம்

உள்நாட்டுப் போருக்குப் பின் வறுமையில் இருந்த மொண்ட்ராகன் நகருக்கு 1941-ல் ஹோசே மரியா அரிஸ்மென்டியாரியேட்டா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் வந்தார். 1943-ல் அவர் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அங்குப் படித்த ஐந்து இளைஞர்கள் 1956-ல் 'உல்கோர்' என்ற தொழிற்சாலையை நிறுவி, மண்ணெண்ணெய் அடுப்புகளைத் தயாரித்தனர். 1959-ல் 'காஹா லபோரால்' என்ற கூட்டுறவு வங்கி உருவானது. ஊர் மக்களின் சேமிப்பு, இவ்வங்கி வழியாகப் புதிய கூட்டுறவுகளுக்கு முதலீடாகச் சென்றது.

செயல்படும் முறை

ஒரு நிறுவனத்தில் உறுப்பினராகச் சேரும் தொழிலாளி ஒரு பங்குத்தொகையைச் செலுத்த வேண்டும். தொகையைத் தவணையாகவும் கட்டலாம். அதன்பின், பொதுப்பேரவையில் மேலாளருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு மட்டுமே உண்டு. பேரவை தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்குழு, மேலாளரை நியமிக்கிறது.

ஊதிய ஏற்றத்தாழ்வுக்கும் வரம்பு உண்டு. தொடக்கத்தில் மிக உயர்ந்த ஊதியம், மிகக் குறைந்த ஊதியத்தைப்போல் 3 மடங்காக இருந்தது. பின்னர் இது பொதுவாக 6 மடங்கு வரை உயர்ந்தது. உபரியில் ஒரு பகுதி சேமநிதிக்கும் கல்விக்கும் ஒதுக்கப்படுகிறது. உறுப்பினருக்குரிய பங்கு பெரும்பாலும் உடனே பணமாகத் தரப்படுவதில்லை. அது அவரது மூலதனக் கணக்கில் சேர்ந்து, ஓய்வு பெறும்போது கிடைக்கிறது. இதனால் நிறுவனத்தின் முதலீட்டுக்கும் பணம் நிலைக்கிறது.

ஃபாகோர் வீழ்ச்சி

உல்கோரின் வழிவந்த வீட்டுச் சாதன நிறுவனமான 'ஃபாகோர்', 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. வீடு கட்டுவது குறைந்ததால் குளிர்பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் விற்பனை சரிந்தது, கடன் பெருகியது. சக கூட்டுறவுகள் சில காலம் நிதி உதவி செய்தன. 2013-ல் மேலும் பணம் தர மறுத்ததால் ஃபாகோர் நொடித்தது.

உறுப்பினர்கள் தாம் செலுத்திய மூலதனத்தை இழந்தனர். எனினும் அவர்களுள் பலருக்கு வேறு கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ வழங்கப்பட்டது. உறுப்பினரல்லாத பணியாளர்களுக்கு இப்பாதுகாப்பு கிடைக்கவில்லை.

விமர்சனங்கள்

குழுமத்தின் வெளிநாட்டுக் கிளை நிறுவனங்களில் பணிபுரிவோர் பெரும்பாலும் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுக்கு வாக்கும் இல்லை, உபரியில் பங்கும் இல்லை. சந்தைப் போட்டிக்காக விரிவடையும்போது, கூட்டுறவே பிறருக்கு முதலாளியாகிவிடுகிறது என்பது முக்கிய விமர்சனம். 2022-ல் உல்மா, ஓரோனா ஆகிய இரு பெரிய கூட்டுறவுகளின் உறுப்பினர்கள் வாக்களித்துக் குழுமத்திலிருந்து விலகினர்.

போட்டியும் நட்டமும் இல்லாத பொருளாதாரத்தை மொண்ட்ராகன் உருவாக்கவில்லை. நட்டம் வரும்போது அதன் சுமையை யார் சுமப்பது, அதை யார் தீர்மானிப்பது என்பதையே அது மாற்றியது. அந்த மாற்றத்தின் பயன் உறுப்பினர் அல்லாதோருக்கும் எட்டுமா என்பதே இம்முறையின் முன்னுள்ள கேள்வியாகும்.