லென்சும் தானியங்கு குவிய வேகமும்

லென்சின் உள்ளிருக்கும் கண்ணாடிகளை மோட்டாரால் நகர்த்தி, படம் தெளிவாக விழச் செய்யும் முறையே தானியங்கு குவியம் எனப்படும். கேமரா ஒன்றாகவே இருந்தாலும், லென்சை மாற்றினால் இதன் வேகம் மாறும். காரைக்கால் மாவட்டம் திருவேட்டக்குடிக் கடற்கரையில், அலை தாண்டிக் கரையை நோக்கி வரும் படகைப் படமெடுப்பவர் இதை எளிதில் உணரலாம். குவியம் பிந்தினால் படகு மங்கலாகப் பதிவாகும்.

இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்கள் மூன்று.

மோட்டார்: 1985இல் வெளிவந்த மினோல்டா 7000இல் மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. 1987இல் கேனான் தனது இஎஃப் வரிசையில் மோட்டாரை லென்சுக்குள் வைத்தது. விரைவாக இயங்கும் மீயொலி மோட்டார் கொண்ட லென்சையும் அவ்வாண்டே வெளியிட்டது.

எடை: கேனானின் 85 மி.மீ. எஃப்/1.8, எஃப்/1.2 ஆகிய இரு இஎஃப் லென்சுகளிலும் மீயொலி மோட்டாரே உள்ளது. ஆயினும் எஃப்/1.2 லென்சில் கனமான கண்ணாடித் தொகுதி நகர வேண்டியிருப்பதால், விலை மிகுந்த அதுவே மெதுவானது.

நகரும் தூரம்: மிக அருகிலுள்ள பூச்சி முதல் தொடுவானம் வரை குவியும் மேக்ரோ லென்சில் கண்ணாடிகள் நெடுந்தூரம் நகர வேண்டும். இதனால் தேடும் நேரம் கூடுகிறது.

சில லென்சுகளில் குவிய எல்லையைக் குறுக்கும் பொத்தான் இருக்கும். படகு தொலைவில் உள்ளபோது அண்மைத் தொலைவுகளை விலக்கிவிட்டால், அதே லென்சு விரைவாகக் குவியும். ஆகவே லென்சு வாங்குவோர் விலையை மட்டும் பாராமல், எடுக்கப்போகும் படத்தின் தன்மையையும் கருத வேண்டும்.