கடல் வரலாறும் கணக்கேடுகளும்

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி ஒன்றுக்குத் தயாராகிக் கொண்டிருந்த மாணவி ஒருவர் ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவைச் சேர்ந்தவர்தான். தலைப்பு, 'தமிழர் கடல் வலிமை'. கைப்பேசியில் பதினைந்து குறிப்புகள் சேர்த்து வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான கப்பல்களுடன் ராஜேந்திர சோழன் கடாரம் சென்றான் என்பது முதல் குறிப்பு. கடற்படையைக் குறிக்கும் 'நேவி' என்ற ஆங்கிலச் சொல்லே நம்முடைய 'நாவாய்' தந்ததுதான் என்பது இரண்டாவது. "சார், எல்லாவற்றுக்கும் புத்தக ஆதாரம் கேட்கிறார்கள். எந்தப் புத்தகத்தைச் சொல்லட்டும்?" என்றார்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைச் சங்கடப்படுத்தியது. 'நேவி' என்ற சொல் லத்தீன் மொழியின் 'நாவிஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடலாம். கப்பல்களின் எண்ணிக்கைக்கு என்ன சொல்வது? கி.பி. 1025-இல் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தலைமையான சான்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் எனத் தொடங்கிக் கடாரம் வரை பதின்மூன்று இடங்களை அது வரிசைப்படுத்துகிறது. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற அரசன் பிடிபட்டதைக் கூறுகிறது. எத்தனை கப்பல்கள், எத்தனை வீரர்கள் என்ற எண் மட்டும் அதில் இல்லை.

எண் இல்லாத இடத்தில் எண்ணை நிரப்பியது யார்? என் தலைமுறையும் அதில் ஒரு குற்றவாளி. பள்ளி நாள்களில் விடுமுறை வந்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டி வீட்டுக்குச் சென்றுவிடுவேன். அங்கே பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875-இல் தொடங்கப்பெற்று, அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரின் பெயரைத் தாங்கி நிற்பது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. கடலையே பார்த்திராத நான், சாண்டில்யனின் 'கடல் புறா'வில் ஏறி அங்கிருந்துதான் ஸ்ரீவிஜயத்துக்குப் போனேன். நாவல் நாவலாக இருக்கும் வரை குறையொன்றும் இல்லை. அது நினைவில் தங்கி, நாற்பது ஆண்டுகள் கழித்து வரலாறாக வெளிவரும்போதுதான் தொல்லை.

மாணவிக்கு நான் முதலில் கொடுத்தது நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு. 1935, 1937 ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 'சோழர்கள்' என்ற பெயரில் தமிழிலும் உண்டு. அடிக்குறிப்புகளைத் தவிர்க்காமல் படிக்கச் சொன்னேன். அந்த நூலின் உயிர் அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது. தமிழிலேயே தொடங்க விரும்புவோர்க்குச் சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு இன்றும் நல்ல நுழைவாயில். கடாரப் படையெடுப்பை மட்டும் விரிவாக அறிய வேண்டுமெனில், ஹெர்மன் குல்கே, கேசவபாணி, விஜய் சகுஜா ஆகியோர் தொகுத்து 2009-இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த 'நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்வீபம் வரை' என்ற பொருள்படும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை அறிஞர்கள் எத்தனை கோணங்களில் விளக்குகின்றனர் என்பதை அதில் காணலாம்.

ராதாகுமுத் முகர்ஜி 1912-இல் எழுதிய இந்தியக் கப்பல் வரலாறு வேறு வகை. சுதேசி இயக்கத்தின் சூட்டில் பிறந்த நூல் அது. இந்தியர்க்குக் கடல் மரபே இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு விடையாக எழுதப்பட்டது. அந்தத் தேவை அன்று இருந்தது. இன்று அதைப் படிப்பவர், வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் வெளியிட்ட 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய தமிழ் நூலையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெயரைக் கேட்டதும் கப்பல் கட்டும் பொறியியல் முழுவதும் அதில் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். மரத்தின் இலக்கணங்களுடன் சகுனமும் பலனும் அதில் கணிசமான இடம் பெறுகின்றன. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. கப்பலில் முதல் போட்டவனின் அச்சத்தை அந்தப் பக்கங்களில் படிக்கிறேன்.

பொருளியல் படித்தவனுக்கு முதல் போட்டவன்மீதுதான் கண் போகும். கடல் வரலாறு என்றாலே போர்க்கப்பல் என்று எண்ணும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஆனால், எஞ்சியிருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை வணிகத்தைப் பற்றியவை. வியன்னாவில் பாதுகாக்கப்படும் 'முசிறிப் பாப்பிரஸ்' அவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-இல் அறிஞர் உலகத்துக்கு வெளியிடப்பட்டது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்தத் தாளின் ஒரு பக்கம் ஒரு கடன் ஒப்பந்தம். முசிறி வணிகத்துக்காகக் கடன் வாங்கியவன், செங்கடல் துறையில் இறங்கும் சரக்கைப் பாலைவனம் கடத்தி, நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தவறினால் சரக்கு கடன் கொடுத்தவனுக்கு. மறுபக்கத்தில் 'ஹெர்மாபோலோன்' என்ற கப்பல் ஏற்றிவந்த நறுமணச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவற்றின் மதிப்பீடு. கால் பங்கு சுங்கம் போக எஞ்சிய மதிப்பே எழுபது லட்சம் ரோமானிய செஸ்டர்ஸ் அளவுக்கு வருகிறது. வகுப்பில் கடனும் இடரும் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன்.

சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அத்தகையதே. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டியது. கப்பல் நாயகனும் உடன் வந்தோரும் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பிறகே இடத்துக்குள் வரலாம் என்ற ஏற்பாட்டை அது கூறுகிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-இல் தமிழும் சீனமும் கலந்து பொறித்த சிவன் கோயில் கல்வெட்டைச் சேர்த்துப் பாருங்கள். படையெடுப்பு நிகழ்ந்து இரண்டரை நூற்றாண்டு கடந்த பின்னும் வணிகர் அங்கே இருக்கின்றனர்.

சரி, கடற்கரையிலிருந்து இவ்வளவு தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் என்ன பங்கு? மாணவியும் இதைத்தான் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் நிற்கும் மகாலைக் கட்டிய திருமலை நாயக்கர் மறைந்தது 1659-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியது. அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம் 'வி.ஓ.சி.' என்பதும், அதே தூத்துக்குடியில் பின்னாளில் கப்பல் கம்பெனி தொடங்கியவர் நம் வ.உ.சி. என்பதும் வரலாற்றின் குறும்பு. டச்சுக்காரர் இங்கே வாங்கியது முத்தும் சங்கும் மட்டுமன்று. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணியும் அவர்களுக்கு முக்கியச் சரக்கு. நாயக்க அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான உறவை மார்கஸ் விங்க் 2015-இல் வெளிவந்த ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கம்பெனியின் ஆவணங்களில் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கங்கள் தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை ஆகிய நகரங்களின் காப்பகங்களில் எஞ்சியுள்ளன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் தறிக்காரனைப் பற்றிய செய்தி டச்சு மொழியில் இருக்கிறது. அவனுடைய பேரன்களுக்கு அந்த மொழி தெரியாது.

பிற்காலத்துக்கு வந்தால், 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயரில் இந்தக் கரிசல் நிலத்துப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறியது. இதைத் தேடுவோர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு ராமநாதபுரம், 1985 முதல் விருதுநகர். ஆகவே, கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் ஸ்டூவர்ட்டின் 1879-ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டிலும் தேட வேண்டியவர், விருதுநகர் என்ற தலைப்பில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. என் ஆய்வு மாணவர் ஒருவர் இதனால் ஆறு மாதம் இழந்தார்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி ம.பொ.சி.யின் 'கப்பலோட்டிய தமிழன்' அனைவரும் அறிந்ததே. ஆ.இரா. வேங்கடாசலபதி 2023-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தக் கதைக்குள் இருந்த முதலீட்டு வரலாற்றை நமக்குத் திறந்து காட்டுகிறது. பத்து லட்சம் ரூபாய் முதல், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள், எதிரே கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்த பிரிட்டிஷ் நிறுவனம். தியாகத்தை மட்டும் படித்தவர் இதையும் படித்தால் அந்தத் தியாகம் இன்னும் பெரிதாகத் தெரியும். கடற்படையிலும் துறைமுகத்திலும் பணியாற்றிய நரசய்யாவின் 'கடல்வழி வணிகம்', மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பழங்காலத் தமிழர் வாணிகம்' ஆகியவற்றைத் தமிழ் மட்டும் அறிந்தவர் முதலில் எடுக்கலாம். தோணித் தொழிலின் உள்ளே இருந்து பார்க்க விரும்பினால், நாவல்தான் என்றாலும், ஜோ டி குருஸின் 'கொற்கை'.

நாவலைக் குறை கூறிவிட்டு நாவலையே பரிந்துரைக்கிறேனே என்று கேட்கலாம். ஆவணம் இல்லாத இடத்தில் நாவலுக்கு வேலை இருக்கிறது. ஆவணம் ஏன் இல்லாமற் போனது என்பதற்கு நானே சாட்சி. என் தந்தையார் பருத்தி அரவை ஆலை ஒன்றில் கணக்கராக இருந்தவர். அந்த ஆலை மூடப்பட்டபோது, நாள்வழியும் பேரேடுமாக முப்பதுக்கும் மேற்பட்ட ஏடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் அடுக்கினார். தூத்துக்குடிக்கு அனுப்பிய பேல்கள், வண்டிக்கூலி, கப்பல் தாமதத்தால் ஏறிய வட்டி எல்லாம் அவற்றில் இருந்ததாகச் சொல்வார். அவர் மறைந்தபின் வீட்டைப் புதுப்பிக்கும்போது, பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற நான் அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். தராசில் நின்ற எடையைப் பார்த்தேன். ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பரண்களில், தறி வீடுகளில், பஞ்சு மண்டிகளில் அத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். நம் கல்லூரிகளின் வரலாற்று, பொருளியல், வணிகவியல் துறைகள் மாணவர்க்குத் தரும் ஆய்வுத் திட்டங்களில் அவற்றைப் படமெடுத்து வைப்பதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். கைப்பேசியே போதும், செலவு பெரிதில்லை. டச்சு ஆவணங்களிலிருந்து மதுரை, நெல்லைச் சீமை பற்றிய பகுதிகளையாவது தமிழாக்குவது அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய வேலை. வெளிநாட்டுப் பதிப்பக நூல்களின் விலையில் எங்கள் ஊர் மாணவர் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணமே கட்டிவிடுவார்.

மாணவி தம் பதினைந்து குறிப்புகளில் பதினொன்றை நீக்கிவிட்டார். முசிறிக் கடன் பத்திரத்தையும் பாருஸ் கல்வெட்டையும் சேர்த்துக்கொண்டார். பரிசு கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான கப்பல்களுடன் பேசியவருக்கே முதல் பரிசு என்று வருத்தத்துடன் சொன்னார். சென்ற வாரம் மீண்டும் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தாத்தா வீட்டில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். உள்ளே சிவப்புத் துணியில் கட்டிய நாள்வழி ஏடுகளாம். கரையான் அரிக்குமுன் எப்படிப் படமெடுப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)