வௌவாலுக்கும் மனிதனுக்கும் ஒரே பூட்டு



சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் பக்கம் போய் வருகிறவர்களுக்கு புக்கிட் பெலண்டோக், சுங்கை நீப்பா என்ற ஊர்கள் தெரிந்திருக்கும். நீப்பா என்பது ஆற்றோரம் வளரும் ஒரு வகைப் பனை. அந்தக் கம்பத்தின் பெயரைத்தான் நிப்பா என்று ஒரு நோய்க் கிருமிக்கு இட்டிருக்கிறார்கள். அக்கிருமி நம் உடலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதை இன்று காண்போம்.

1998-ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தலைவலியும் மயக்கமும் முற்றி, நினைவிழந்து பலர் இறந்தார்கள். பன்றிகளை விற்று லோரியில் ஏற்றியபோது நோயும் கூடவே ஏறிக்கொண்டு நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. கொசுவானால் வீட்டுக் குழந்தைகளையும் கடிக்கும் அல்லவா? இங்கே படுக்கையில் விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்து, இது வேறொன்று என்று கண்டறிந்தார். அதன் பிறகே பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்று நோயை நிறுத்தினார்கள். அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் மாண்டுவிட்டார்கள்.

கிருமியின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். வௌவாலுக்கு அது பெரிய தீங்கு செய்வதில்லை. வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் அது தாவியது எப்படி? இதற்கு விடை 2005-இல் கிடைத்தது.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது ஒவ்வோர் அணுவுக்கும் அதன் வேலை தெரிய வேண்டும். காலைப் பெரட்டில் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துவிடுகிறார்கள் அல்லவா? அதுபோல அணுக்களுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எஃப்ரின் பி-2 என்ற புரதம் ஓர் அணுவின் மேற்புறத்தில் நிற்கும். அதற்கு இணையான வேறொரு புரதம் பக்கத்து அணுவில் நிற்கும். இரண்டும் தொட்டுக் கூடியதும் இரண்டு அணுக்களுக்கும் செய்தி போகிறது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் தமனி எது, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் சிரை எது என்று பிரிந்து வளர இந்தச் செய்தி வேண்டும். நரம்புகள் சரியான வழியில் போய்ச் சேரவும் இது உதவுகிறது. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிக் கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிடுவதை 1998-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இதை மாற்றினால் உயிரே தங்காது. ஆகவே எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக இயற்கை இதை அதிகம் மாற்றாமல் காத்து வந்திருக்கிறது. வௌவால், பன்றி, மனிதன் ஆகிய மூவரிடமும் இப்புரதம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒன்றாகவே இருக்கிறது. நிப்பா கிருமி பற்றிக்கொள்வது இந்தப் புரதத்தைத்தான். மூன்று வீட்டுக்கும் ஒரே பூட்டு. கிருமியின் கையில் அதன் சாவி. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் மூளையிலும் இந்தப் பூட்டு மிகுதி. நோய் அவ்விடங்களையே கடுமையாகத் தாக்குவதன் காரணமும் இதுவே.

நம்மைக் கருவில் உருவாக்கிய புரதத்தையே நோய் வாசலாக்கிக்கொண்டது. பூட்டை எடுத்துவிட முடியாது. ஆனால் சாவியை மறைக்கலாம். கிருமியின் அந்தப் பாகத்தை மூடிவிடும் எதிர்ப்புப் புரதம் ஒன்றை ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் இந்நோய் உயிர்களைக் கொண்டு போனது. ஆகவே நாம் செய்யக்கூடியவற்றை மறவாதிருப்போம். வௌவால் கடித்த மாம்பழத்தையோ ரம்புத்தானையோ பிள்ளைகள் பொறுக்கித் தின்ன விடக்கூடாது. பழத்தைக் கழுவி, தோலுரித்துக் கொடுக்க வேண்டும். பண்ணையில் விலங்குகள் கூட்டமாக நோயுற்றால் தொடாமல் உடனே தெரிவிக்க வேண்டும். அதற்காக வௌவாலைக் கொல்லப் புறப்பட வேண்டாம். டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் பழந்தின்னி வௌவால்கள்தாம். அதைக் கொல்லாமல் எட்டி நிற்பதே நமக்குக் காவல்.