கடல் ஊதும் குழாய்



ஓவியம் என்றால் பார்க்கலாம், பாட்டு என்றால் கேட்கலாம். கடலும் கூடச் சேர்ந்து செய்கிற கலை ஒன்று இருக்கிறது, தெரியுமா? ஐரோப்பாவில் குரோவேஷியா என்று ஒரு நாடு. (கால்பந்து பார்க்கிற அண்ணன்களுக்குத் தெரியும்.) அங்கே ஸாடர் என்ற ஊரில் 'கடல் ஆர்கன்' என்ற இசைக்கருவி உள்ளது. அதை வாசிப்பது மனுஷர் இல்லை, அலை!

ஸாடர் ரொம்பப் பழைய ஊர். இரண்டாம் உலகப்போரில் குண்டு போட்டு நாசமாகிவிட்டது. அப்புறம் திரும்பக் கட்டியபோது கடலோரம் வெறும் சிமெண்ட் சுவராகிப் போச்சு. நிகோலா பாஷிச் என்ற கட்டிடக் கலைஞர் 2005-இல் அங்கே சுமார் 70 மீட்டர் நீளத்துக்குப் படிக்கட்டு கட்டினார். நம்ம குளத்துப் படித்துறை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயமே படிக்கு அடியில்தான் இருக்கு.

அடியில் 35 பிளாஸ்டிக் குழாய்கள். ஒரு முனை கடலுக்குள். அலை மோதும்போது தண்ணீர் குழாயில் ஏறும். உள்ளே இருக்கிற காற்று எங்கே போகும்? மேலேதான் போகணும். மேலே விசில் மாதிரி ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அதில் புகுந்து போகும்போது சத்தம் வருகிறது. நீளக் குழாய்க்குத் தடித்த குரல், குட்டைக் குழாய்க்குக் கீச்சுக் குரல். ஐந்தைந்தாக 7 கூட்டம் பிரித்து, சேர்ந்து ஒலித்தாலும் இதமாக இருக்கும்படி சுருதி சேர்த்திருக்கிறார்கள். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு படகு போனால்கூட அந்த அலைக்கு ராகம் மாறும். ஒரே பாட்டு இரண்டு தடவை வராது!

2006-இல் இதற்கு ஐரோப்பிய அளவில் பரிசு கிடைத்தது. எனக்குப் பரிசு பெரிசாகத் தெரியவில்லை. வெறும் சுவராகக் கிடந்த இடத்தில் ஜனங்கள் உட்கார்ந்து கடலைக் கேட்கிறார்களே, அதுதான் பெரிசு. 2008-இல் அதே ஆள் பக்கத்திலேயே 22 மீட்டர் அகலத்தில் கண்ணாடி வட்டம் ஒன்றும் அமைத்தார். பகல் வெயிலை மின்சாரமாக்கி இரவில் வண்ண விளக்கு எரியும்படி செய்தது அது.

நீங்களும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலின் அடிப்பக்கத்தை வெட்டி எடுங்கள். (பெரியவர்கள் வெட்டித் தரட்டும்.) திருவிழாக் கடை விசிலின் ஊதுகிற பக்கத்தைப் பாட்டில் வாயில் செருகி, சுற்றிலும் களிமண் அப்புங்கள். காற்று கசியக் கூடாது. இப்போது வாளித் தண்ணீரில் பாட்டிலை நேராக, வேகமாக அமுக்குங்கள். நீங்கள் ஊதவே வேண்டாம், அதுவே ஊதும்! மெதுவாக அமுக்கினால் 'புஸ்'ஸென்று காற்று மட்டும்தான் வரும். என் தம்பி வாளியில் பாதித் தண்ணியைக் காலி பண்ணிவிட்டான், அதனால் வாசலில் வைத்துச் செய்யுங்கள். விசில் இல்லாவிட்டால் பூவரச இலைப் பீப்பி வைத்துப் பாருங்கள், நனைந்தால் வேறு இலை சுருட்டிக்கொள்ளலாம்.

— 9ஆம் வகுப்பு மாணவி