ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் ரசிகர்கள்

ஜாஸ் இசையோடு ராக்கும் ஃபங்க்கும் கலந்த ஃப்யூஷன் ஆல்பங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக ஒரு குறை சொல்லப்படுகிறது. வாசிப்பவர்களுக்குத்தான் அதில் கொண்டாட்டம், கேட்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்பார்கள். விரல்கள் பறக்கும், தாளக் கணக்கு தலையைச் சுற்றும், ஆனால் மனம் ஒட்டாது. இந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஃப்யூஷனின் பிறவிக்குணம் என்று நினைப்பவர்களுக்கு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கல்லூரி மாணவர்கள் 2004-இல் தொடங்கிய ‘ஸ்னார்க்கி பப்பி’ என்ற குழு தன் ஆல்பங்களாலேயே பதில் சொல்லியிருக்கிறது. அவர்கள் கணக்குகளைக் குறைக்கவில்லை, வாசிப்பையும் எளிதாக்கவில்லை. ரசிகர்களைக் கூப்பிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள், வாத்தியங்களுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் அவர்கள் இசையின் குணத்தையே மாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

ஃப்யூஷனில் ரசிகர் எப்படி விலகிப்போனார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1969 ஆகஸ்டில் நியூயார்க்கில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்துக்காக மூன்று நாள் வாசித்ததை இந்த வகை இசையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். கலைஞர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்துதான் வாசித்தார்கள். ஆனால் நம் காதுக்கு வந்த வடிவத்தில் தயாரிப்பாளர் டியோ மசேரோவின் கையும் உண்டு. டேப்பை வெட்டினார், ஒட்டினார், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். 1973-இல் கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ வந்தது. பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960-களில் வளர்த்தெடுத்த ஃபங்க்கை ஜாஸுக்குள் முழுதாக இறக்கிய ஆல்பம் அது. ஃபங்க்கில் மெட்டைவிட நடைதான் பெரிது. தாளச் சுற்றின் முதல் அடியில் எல்லா வாத்தியங்களும் அழுத்தி இறங்கும். மற்ற இடங்களில் பேஸ் கிடார், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஒன்றுக்கொன்று இடம்விட்டுச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வாசிக்கும். கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும். அந்த ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படியென்றால் ஃப்யூஷன் மக்களுக்கு எட்டாத இசையாகப் பிறக்கவில்லை.

பிறகு ஒலிப்பதிவு நுட்பம் வளர வளர, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவதும் பிசிறுகளை எல்லாம் துடைப்பதும் சுலபமாயின. டிரம்ஸ்காரர் ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போவார், கிடார்காரர் வேறொரு நாள் வருவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு பாட்டு முடிந்துவிடும். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் வந்த எத்தனையோ ஃப்யூஷன் ஆல்பங்கள் கண்ணாடிபோல் பளபளப்பாக இருப்பதற்கும், அதே கண்ணாடிபோல் குளிர்ந்திருப்பதற்கும் இந்த முறை ஒரு காரணம். எதிரே கேட்க ஆளில்லாதபோது கலைஞர் யாருக்காக வாசிப்பார்? பக்கத்துக் கலைஞருக்காக, அல்லது தன் திறமைக்காக.

ஸ்னார்க்கி பப்பியும் இந்த வழியில்தான் புறப்பட்டது. டென்டன் நகரிலுள்ள நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம் சாதாரண இடமல்ல. அமெரிக்காவில் ஜாஸுக்கென்று முதன்முதலில், 1947-இல், பட்டப்படிப்பு தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே படித்த பேஸ் கிடார் கலைஞர் மைக்கேல் லீக், பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற குழுக்களில் தனக்கு இடம் கிடைக்காத நிலையில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக எழுதி வாசிக்க ஆரம்பித்தார். 2006-இல் ‘தி ஒன்லி கான்ஸ்டன்ட்’, அடுத்த ஆண்டு ‘தி வேர்ல்ட் இஸ் கெட்டிங் ஸ்மாலர்’, 2008-இல் ‘பிரிங் அஸ் த பிரைட்’ என ஆல்பங்கள் வந்தன. நல்ல வாசிப்பு, நல்ல இசையமைப்பு, ஆனாலும் படித்த பிள்ளைகளின் இசை என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும். வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சின்ன பார்களில் வாசித்தார்கள். கூட்டம் பெரிதாகச் சேரவில்லை.

திருப்பம் பக்கத்திலிருந்த டாலஸ் நகரில் கிடைத்தது. கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) இசை அரங்குகளிலும் வளர்ந்த கலைஞர்கள் அங்கே நிறைய. பாடகி எரிக்கா பாடூவும் டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவும் அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே கீபோர்டு கலைஞர் பெர்னார்ட் ரைட் லீகுக்கு வழிகாட்டியாக அமைந்தார். டிரம்ஸ் கலைஞர் ராபர்ட் ‘ஸ்புட்’ சீரைட், கீபோர்டு கலைஞர் ஷான் மார்ட்டின் போன்றவர்கள் குழுவுக்குள் வந்தார்கள். தேவாலய இசையின் இயல்பை இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். அங்கே ஒரு பாட்டு எத்தனை சுற்று போகும் என்பதைக் காகிதத்தில் எழுதிவைக்க முடியாது. சபை எழுந்து நின்று கைதட்டினால் இன்னொரு சுற்று உண்டு. போதகரின் குரல் தணிந்தால் ஆர்கனும் கூடவே தணியவேண்டும். கேட்பவரின் முகத்தைப் பார்த்து வாசிப்பது அங்கே அடிப்படைப் பயிற்சி. முன்வரிசையில் தாளம் போடும் ரசிகரின் தலையசைப்பைப் பார்த்து நம் பாடகர் நிரவலை இன்னும் ஒரு சுற்று நீட்டுவாரே, அந்த மாதிரி. பல்கலைக்கழகத்தின் கணக்கும் தேவாலயத்தின் காதும் சேர்ந்த பிறகுதான் இந்தக் குழுவின் உண்மையான ஆல்பங்கள் வருகின்றன.

2010-இல் வெளிவந்த ‘டெல் யுவர் ஃப்ரண்ட்ஸ்’ ஆல்பத்திலிருந்து பதிவு முறையே மாறிவிட்டது. குழு முழுவதும் ஒரே கூடத்தில் வட்டமாக உட்காரும். வாத்தியங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு ரசிகர்கள் உட்காருவார்கள், ஒவ்வொருவர் காதிலும் ஹெட்ஃபோன். கச்சேரி மேடைபோல் பெரிய ஒலிபெருக்கி கிடையாது. கலைஞர் காதில் என்ன கேட்கிறதோ அதேதான் ரசிகர் காதிலும் கேட்கும். கேமராக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சரியாக வரவில்லை என்றால் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்கள். பிறகு தனியாக வாசித்து ஒட்டுவதில்லை. புரூக்ளினில் பதிவான ‘கிரவுண்ட்அப்’ 2012-இல் வந்தது. பிறகு, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2013 அக்டோபரில் பதிவாகி 2014-இல் வெளியான ‘வி லைக் இட் ஹியர்’ இந்த முறையின் உச்சம்.

அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் கனடாவின் லார்னெல் லூயிஸ். கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அவர், பாடல்களை விமானத்தில் வரும்போது கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தாளம் நொடிக்கு நொடி திசைமாறும் பாடல்கள் அவை. அப்படியும் அந்த வாசிப்பில் தயக்கம் துளியும் தெரியாது. ஆனால் ஒரு விழிப்பு தெரியும். அடுத்தது என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசிப்பவரின் விழிப்பு. அதே ஆல்பத்தின் ‘லிங்கஸ்’ என்ற பாட்டில், புரூக்ளின் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்த கோரி ஹென்றி சிந்தசைசரில் ஒரு தனி வாசிப்பு நிகழ்த்துகிறார். ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுத்தொட்டு விடுகிறார். பிறகு அடித்தளத்திலிருக்கும் சுருதிக்கு ஒவ்வாத இடங்களுக்கெல்லாம் போய்ப் போய்ச் சரியாக வீடு திரும்புகிறார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பக்கத்துக் கலைஞர்களின் முகத்தில் நம்பமுடியாமல் எழும் சிரிப்பு. யாரும் நடிக்கவில்லை, அந்தக் கணத்தில்தான் அவர்களும் அதை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

வர்ஜீனியாவின் ரோனோக் நகரில், அங்குள்ள இளைஞர் இசைப் பயிற்சித் திட்டத்துக்கு உதவியாகப் பதிவான ‘ஃபேமிலி டின்னர்’ முதல் தொகுதி 2013-இல் வந்தது. அதில் லேலா ஹாத்தவே பாடிய ‘சம்திங்’ பாட்டில் ஓர் இடம் உண்டு. ஒரே தொண்டையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. அவர் அதை முதலில் ஒரு தடவை மெல்லச் செய்துபார்க்கிறார். கூடம் ஆர்ப்பரிக்கிறது, குழுவினரே வாய்பிளந்து நிற்கிறார்கள். அவர் மறுபடி செய்கிறார், இந்த முறை நடையோடு பொருத்தி. தனியறையில் பதிவாகியிருந்தால் முதல் முயற்சியோடு நின்றிருக்கலாம், அல்லது கரகரப்பு என்று துடைத்துப்போட்டிருக்கலாம். 2014-இல் அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜாஸ் பிரிவில் அல்லாமல் ஆர் அண்ட் பி பிரிவில் கிடைத்த விருது அது என்பது கவனிக்கத்தக்கது.

இதில் என்ன புதுமை, நேரடிக் கச்சேரிப் பதிவுகள் முன்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், ராம்நாடு ராகவன் சேர்ந்து வாசித்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பமே 1975-இல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவுதான். இன்றும் அதன் சூடு ஆறவில்லை. ஆனால் கச்சேரிப் பதிவு என்பது ஒரு நிகழ்ச்சியின் சாட்சி. தவறினால் திருத்த முடியாது, பெரிய அரங்கின் எதிரொலியைத் தவிர்க்க முடியாது. இந்தக் குழு செய்தது வேறு. பெரும்பாலும் அதுவரை ஆல்பமாக வராத புதிய பாடல்களை, கூடத்தின் துல்லியத்தோடு, ஆனால் கேட்பவரின் கண்ணெதிரே உருவாக்கினார்கள். இரண்டு முறைகளின் பலமும் இதில் சேர்ந்திருக்கிறது.

வீடியோதான் இவர்களைப் பிரபலமாக்கியது, இசை அல்ல என்பது இன்னொரு வாதம். இணையத்தில் பரவிய வீடியோக்கள் இல்லையென்றால் இவர்கள் பெயர் இத்தனை தூரம் வந்திராது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பாடல் வரிகள் இல்லாத இசையைப் புதிதாகக் கேட்பவருக்கு, பத்துப் பன்னிரண்டு வாத்தியங்களில் எது என்ன செய்கிறது என்று காட்டுவது விளம்பரம் ஆகாது. கண் காட்டிக்கொடுத்ததைக் காது பிடித்துக்கொள்கிறது. இவர்களின் ‘ஷோஃபுகான்’ பாட்டின் வரிகளற்ற மெட்டைக் கச்சேரிகளில் கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அதற்கு வீடியோ மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மிகவும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ரசிகரை எதிரே வைத்தால் கைதட்டலுக்காகவே வாசிக்கத் தோன்றும். எல்லாப் பாட்டும் மெல்ல ஆரம்பித்து, ஏறி, வெடித்து முடியும். இந்தக் குழுவின் பல பாடல்கள் அந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு ஆல்பங்களைத் தொடர்ந்து கேட்டால் அலுப்பு தட்டும். ஆனால் கூடவே ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. ஜாஸில் ஆளுக்கொரு தனி வாசிப்பு என்பது வழக்கம். இங்கே பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஒருவர் அல்லது இருவர்தான் தனியாக வாசிப்பார்கள், மற்றவர்கள் நடையைத் தாங்கிப் பிடிப்பார்கள். வெறும் கைதட்டல்தான் நோக்கமென்றால் இத்தனை வல்லுநர்கள் இவ்வளவு நேரம் அடங்கி வாசித்திருக்கமாட்டார்கள்.

2016-இல் வந்த ‘கல்ச்சா வல்ச்சா’ என் வாதத்தை உரசிப் பார்க்க உதவுகிறது. டெக்சாஸ் எல்லையோரம் தோப்புகளுக்கு நடுவிலிருக்கும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், ரசிகர்களும் கேமராவும் இல்லாமல், பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய முறையில் செய்த ஆல்பம். நடை நிதானமாகிறது, நிறம் கறுக்கிறது, தாள வாத்தியங்கள் அடுக்கடுக்காக வருகின்றன, வெடித்து முடியும் வழக்கம் குறைகிறது. அதுவும் கிராமி வாங்கியது. அப்படியானால் என் வாதம் விழுந்துவிடுகிறதா? இல்லை. ரசிகர் இல்லாத கூடத்தில் அதே குழு வேறு இசையைத் தருகிறது என்பதே, ரசிகர் இருப்பது வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு அத்தாட்சி. ஆனால் 2006-இன் மாணவர்களுக்கும் 2016-இன் கலைஞர்களுக்கும் நடுவே சபை முன் வாசித்த ஆண்டுகள் இருக்கின்றன. ஆளில்லாத அறையிலும் அந்தச் சூடு குறையாததற்கு அதுவே காரணம் என்பேன்.

2022-இல் ‘எம்பயர் சென்ட்ரல்’ ஆல்பத்துக்காக அவர்கள் டாலஸுக்கே திரும்பி, மறுபடி ரசிகர்களை உள்ளே அழைத்துப் பதிவு செய்தார்கள். வழிகாட்டி பெர்னார்ட் ரைட் ‘டேக் இட்’ பாட்டில் வந்து வாசித்தார். ஆல்பம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். புதிதாகக் கேட்பவர்கள் அந்தப் பாட்டிலிருந்து தொடங்கவேண்டாம். முதலில் ‘லிங்கஸ்’ வீடியோவைப் பாருங்கள். பிறகு வீடியோவை மூடிவிட்டு, ‘வி லைக் இட் ஹியர்’ முழுவதையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு ‘கல்ச்சா வல்ச்சா’. பெர்னார்ட் ரைட்டின் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இந்தக் குழு என்னென்ன கற்றது என்று அப்போது காதுக்கே தெரியும்.