ஃபிளாட்டை விற்கப் போறீங்களா? முதல்ல ஈரக்கறையைப் பாருங்க

பழைய ஃபிளாட்டை விற்கும் முன் மாடுலர் கிச்சன் போடலாமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. வேண்டாம். வாங்குபவர் தன் ரசனைக்கு மாற்றிக்கொள்வார். போட்ட காசு முழுசா திரும்புவது சந்தேகம்தான்.

வர்றவங்க கண்ணில் முதலில் படுவது பாத்ரூம் சீலிங் ஈரக்கறை. அதன்மேல் வெறும் பெயின்ட் அடிச்சா மறுபடி தெரியும். கசிவை அடைத்து, நல்லா காய்ந்தபிறகு அடிங்க. சரிசெய்ய முடியலையா? சொல்லிடுங்க. எளிதில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55.

ஹாலில் பாதி சாமானை எடுத்தாலே இடம் பெரிசா தெரியும். இது ஓசி!

பெயின்ட் செலவை மூலதன ஆதாயத்தில் பொதுவாகக் கழிக்க முடியாது. புரோக்கர் கமிஷனைக் கழிக்கலாம். ரசீது வாங்கி வைங்க.