முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு கிராமம்

பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு – 12

சாமல்பட்டிப் பக்கம் ஒரு விவசாயிக்குப் புல எண் 125, உட்பிரிவு 2-ல் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். சிட்டா நகல் வேண்டும். இ-சேவை மையத்துக்குப் போகலாம். அல்லது ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகன், இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் அரசின் நில ஆவணத் தளத்தைத் திறக்கலாம். எந்த வழியில் போனாலும் "நூத்தி இருபத்தஞ்சுல ரெண்டு" என்று எண்ணை மட்டும் சொன்னால் வேலை நடக்காது. தளம் முதலில் கேட்பது மாவட்டத்தை. கிருஷ்ணகிரி என்று தேர்ந்தெடுத்ததும் வட்டத்தைக் கேட்கிறது. ஊத்தங்கரையைத் தொட்டதும் அந்த வட்டத்துக் கிராமங்கள் மட்டும் பட்டியலாக விரிகின்றன. கிராமத்தையும் சொன்ன பிறகுதான் பட்டா எண்ணுக்கும் புல எண்ணுக்கும் இடம். புல எண்ணைப் போட்டால், அதன் உட்பிரிவுகள் இன்னொரு பட்டியலாக வருகின்றன.

ஒரே பெரிய அட்டவணையில் எல்லாவற்றையும் அடைக்காமல், பல அட்டவணைகளாகப் பிரித்து இணைப்பது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த இணைப்பு ஒரு படிவத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம். கீழ்விரி பட்டியல் என்றும் டிராப்-டவுன் என்றும் சொல்கிறோமே, அந்தச் சிறிய பெட்டிதான் இன்றைய விஷயம். கோடிக்கணக்கான பதிவுகளை மறைத்துவிட்டு, நமக்கு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் முன்னே வைப்பது அதன் வேலை. மறைக்கும் வேலை என்பதால் அதை அமைப்பவருக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. எதை வைத்து மறைத்தோம், எவ்வளவு மறைத்தோம் என்பது திரைக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

ஒரே எண், ஆயிரம் நிலங்கள்

தமிழ்நாட்டில் 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிராமத்திலும் புல எண் 1-லிருந்து தொடங்குகிறது. ஆகவே 125 என்ற எண் ஆயிரக்கணக்கான கிராமங்களில் இருக்கும். கிராமத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், அது எந்த நிலத்தையும் குறிக்காது. கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு துண்டு நிலத்துக்கு அடையாளம் கிடைக்கிறது. தரவுத்தள மொழியில் இதைக் கூட்டுத் திறவுகோல் என்பார்கள். படிவத்தில் கிராமத்தைத் தேர்ந்தெடுப்பவர், திறவுகோலின் முதல் பகுதியைக் கொடுக்கிறார்.

உட்பிரிவைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலாகக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் 125/2 என்பது 125/2ஏ, 125/2பி என்று ஆகிவிடும். பழைய பத்திரத்தைப் பார்த்து 125/2 என்று அடித்தால் இன்றைய பதிவேட்டில் அப்படி ஒன்று இருக்காது. பட்டியல் பதிவேட்டிலிருந்தே நேரடியாக எடுக்கப்பட்டால் 2ஏ, 2பி இரண்டும் கண்ணில் படும். நிலம் உட்பிரிவாகிவிட்டது என்பது அப்போதே புரிந்துவிடும். யாரோ ஒருமுறை அடித்து வைத்த பட்டியலாக இருந்தால் இது நடக்காது. முதல் பாடம் இதுதான்: டிராப்-டவுனில் இருக்கும் வரிகளைக் கையால் எழுதிவைக்கக் கூடாது. அவை அட்டவணையிலிருந்து வர வேண்டும்.

ஒன்று மாறினால் அடுத்ததும் மாற வேண்டும்

மாநிலத்தில் 38 மாவட்டங்கள், 300-க்கு மேற்பட்ட வட்டங்கள். எல்லாக் கிராமங்களையும் ஒரே பட்டியலில் போட்டால் கைப்பேசியில் விரல் தேய்ந்துவிடும். மாவட்டம், வட்டம் என்று இரண்டு படி தாண்டினால், சராசரியாக ஐம்பது சொச்சம் கிராமங்கள்தான் மிஞ்சும். அதில் நம் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தச் சங்கிலி எப்படி இயங்குகிறது? வட்டங்களின் அட்டவணையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே அதன் மாவட்டக் குறியீடு இருக்கிறது. கிராமங்களின் அட்டவணையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் எதிரே அதன் வட்டக் குறியீடு இருக்கிறது. நீங்கள் கிருஷ்ணகிரியைத் தொட்டதும், "மாவட்டக் குறியீடு இதுவாக உள்ள வட்டங்களை மட்டும் கொடு" என்ற கேள்வி சர்வருக்குப் போகிறது. அஞ்செட்டி, ஊத்தங்கரை, ஓசூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர், போச்சம்பள்ளி என்ற எட்டுப் பெயர்கள் திரும்பி வருகின்றன. தரவுகளை அட்டவணைகளாகப் பார்க்கும் இந்த முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதை வைத்துக் கேள்வி கேட்கும் மொழியை அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் வெளியிட்டார்கள். இன்றைய எஸ்.கியூ.எல். அதன் வழிவந்தது.

கவனமில்லாத படிவங்கள் இடறுவது இந்தச் சங்கிலியில்தான். ஒருவர் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, கிராமம் என்று மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டார். பிறகு ஏதோ நினைத்து மாவட்டத்தை மட்டும் தருமபுரி என்று மாற்றுகிறார். கீழே ஊத்தங்கரையும் பழைய கிராமமும் அப்படியே நிற்கின்றன என்றால், தருமபுரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டம் என்ற இல்லாத இடத்தில் கணினி தேடுகிறது. பதில் வெறுமை. மேலே உள்ள பெட்டி மாறியதும் கீழே உள்ள பெட்டிகள் காலியாக வேண்டும். புதிய பட்டியல் மீண்டும் கேட்டு வாங்கப்பட வேண்டும். அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், 'ஆஃப்டர் அப்டேட்' என்ற இடத்தில் கீழ்ப்பெட்டிகளைக் காலியாக்கிவிட்டு 'ரீகொயரி' என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். ஓரிரு வரி வேலைதான். அதை மறந்தால் படிவம் முழுவதும் தவறான பதில் சொல்லும்.

பெயர் மாறும், குறியீடு நிற்கும்

திரையில் தெரிவது 'கிருஷ்ணகிரி' என்ற பெயர். உள்ளே சேமிக்கப்பட வேண்டியது ஒரு எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 33, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு 631. இப்படிப் பெயரைக் காட்டி எண்ணைச் சேமிப்பதன் அருமை நம் பகுதிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 1965 அக்டோபர் 2 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம். அன்றிலிருந்து தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். நாற்பது ஆண்டுக்குள் மூன்று மாவட்டம், நிலமோ நகரவில்லை. ஒவ்வொரு பதிவிலும் 'தருமபுரி' என்று எழுத்தாக எழுதி வைத்திருந்தால், 2004-ல் அத்தனை பதிவுகளையும் திருத்த வேண்டியிருக்கும். கிராமத்துக்கு மாறாத ஒரு குறியீடு இருந்தால், மேலே உள்ள அட்டவணையில் ஒரு வட்டத்தை வேறு மாவட்டத்தோடு இணைப்பதோடு வேலை முடிந்தது.

பெயரை எழுத்தாக அடிக்கவிட்டால் இன்னொரு தொல்லை. ஓசூர் என்று ஒருவர் எழுதுவார், ஹோசூர் என்று இன்னொருவர் எழுதுவார். தருமபுரியும் தர்மபுரியும் இரண்டு ஊராகும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதியில் ஒரு கிராமத்துக்கு மூன்று எழுத்துமுறை இருப்பது சாதாரணம். கணினிக்கு அவை மூன்று தனித்தனிக் கிராமங்கள். பட்டியலிலிருந்து மட்டுமே எடுக்கச் செய்தால் இந்தப் பிளவு நேராது.

க-வுக்குப் பிறகு எது?

பட்டியலில் ஊரைத் தேடுபவர் அகர வரிசையை நம்பித்தான் விரலை நகர்த்துகிறார். அந்த வரிசையைத் தமிழுக்கு ஏற்றபடி அமைக்காத படிவங்கள் நிறைய. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. நமக்கு ன கடைசி மெய். யூனிகோடில் ந-வை அடுத்து ன வந்துவிடுகிறது, அதன் பிறகே ப. ற-வும் ர-வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது.

மாவட்டப் பெயர்களிலேயே இதைப் பார்க்கலாம். கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்பது நம் அகராதி வரிசை. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வரும். 38 பெயர்களில் இது பெரிய தொந்தரவு இல்லை. நூறு கிராமங்கள் உள்ள பட்டியலில், இருக்க வேண்டிய இடத்தில் தன் ஊரைக் காணாதவர் "எங்க ஊரு இதுல இல்லை" என்று முடிவுகட்டிவிடுவார். பெரிய தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் மொழிக்கேற்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அமைப்பவர் அதைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் போதும்.

தேடப் போய் பதிவை மாற்றுவது

இனி நம் பகுதித் தொழிற்கூடம் ஒன்றுக்குப் போவோம். ஓசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு கூடம். சரக்கில் ஒரு பகுதி அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்கும் போகிறது. அக்சஸில் ஒரு டெஸ்பாட்ச் பதிவேடு. ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகா 29. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் இவைதான். மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், வெளி மாநிலத்துக்கு விற்றால் ஐ.ஜி.எஸ்.டி. மாதக் கடைசியில் கர்நாடகா பில்களை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். படிவத்தின் தலைப்பகுதியில் ஒரு காம்போ பாக்ஸ் (டிராப்-டவுனுக்கு அக்சஸில் இதுதான் பெயர்) வைத்தால் வேலை எளிது.

இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தக் காம்போ பாக்ஸின் 'கன்ட்ரோல் சோர்ஸ்' என்ற இடத்தில் பதிவேட்டில் மாநிலம் எழுதப்படும் பத்தியின் பெயர் இருந்தால், அது தேடும் பெட்டி அல்ல, எழுதும் பெட்டி. பில்களைப் பிரிக்க எண்ணி 'கர்நாடகா' என்று தேர்ந்தெடுத்த நொடியில், திரையில் அப்போது நின்றுகொண்டிருந்த பில்லின் மாநிலம் கர்நாடகாவாக மாறிவிடும். தமிழ்நாட்டு வாடிக்கையாளரின் பில் ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் போய் உட்காரும். எச்சரிக்கை எதுவும் வராது. தேடும் பெட்டிக்கு 'கன்ட்ரோல் சோர்ஸ்' காலியாகவே இருக்க வேண்டும். பட்டியல் எங்கிருந்து வர வேண்டும் என்பதை 'ரோ சோர்ஸ்' என்ற இடத்தில் மட்டும் சொல்ல வேண்டும். தேடும் பெட்டியைப் படிவத்தின் மேல்பகுதியில் வேறு நிறத்தில் தனியாக வைத்துவிட்டால், புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் குழப்பம் இராது.

'பதிவுகள் இல்லை' என்றால்?

மிக முக்கியமானதை இப்போது சொல்கிறேன். அதே பதிவேட்டில் சில பில்களுக்கு மாநிலம் நிரப்பப்படாமல் விடுபட்டிருக்கும். 'கர்நாடகா' என்று தேர்ந்தெடுத்தால் அவை வராது, அது நியாயம். 'கர்நாடகா அல்லாதவை' என்று கேட்டாலும் அவை வராது! காலியான இடத்தை எஸ்.கியூ.எல். 'தெரியாதது' என்று கருதுகிறது. தெரியாத ஒன்று 29-க்குச் சமமா என்று கேட்டால் பதில் ஆம் இல்லை, இல்லை என்பதும் இல்லை. அதனால் அந்தப் பில்கள் இரண்டு பக்கமும் சேராமல், எந்தத் தேர்விலும் சிக்காமல் கிடக்கும். சரக்கு போயிருக்கும், பணம் வந்திருக்கும், கணக்கில் மட்டும் பில் இருக்காது.

இதற்கு மருந்து எளிது. பட்டியலின் தலையில் 'அனைத்தும்' என்று ஒரு வரி, கடைசியில் 'நிரப்பப்படாதவை' என்று ஒரு வரி. பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் எத்தனை பதிவுகள் வருகின்றன என்று எண்ணிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 'அனைத்தும்' காட்டும் எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் படிவம் எதையோ விழுங்குகிறது. புதிய படிவம் எதையும் இந்தச் சோதனை செய்யாமல் பயன்பாட்டுக்கு விடாதீர்கள்.

அடுத்தது, பதில் சொல்லும் விதம். வெறுமனே 'பதிவுகள் இல்லை' என்று காட்டும் படிவம் ஒருவருடைய நிலத்தையே இல்லை என்று சொல்லிவிடுகிறது. 'கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம், இந்தக் கிராமம், புல எண் 125: இந்தத் தேர்வில் பதிவு இல்லை' என்று தேடிய விவரத்தோடு காட்டினால், தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்பதைப் பார்ப்பவரே கண்டுபிடிப்பார். வில்லங்கச் சான்று தேடும்போது இந்த விவரம் இன்னும் அவசியம். அங்கே பதிவுத்துறையின் தளம் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் என்று வேறு வரிசையில் கேட்கிறது. வட்டம் தெரிந்தவருக்குச் சார்பதிவாளர் அலுவலகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தவறான அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வந்த வெறுமையைப் பார்த்து 'வில்லங்கம் இல்லை' என்று நம்பி ஒருவர் நிலம் வாங்கிவிடக் கூடாது.

இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கும் இதில் பங்குண்டு. காலித் திரையைப் பார்த்ததும் "உங்க பேர்ல ஒண்ணும் இல்லீங்க" என்று அனுப்பிவிடாமல், மேலே தேர்ந்தெடுத்தவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். வட்டம் சரியா, கிராமம் சரியா, உட்பிரிவு மாறியிருக்கிறதா என்று கேட்கட்டும். தான் பிறந்த கிராமத்தின் பெயரைப் பட்டியலில் அடையாளம் காண ஒரு பெரியவருக்குக் கணினி அறிவு தேவையில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும்.

*அடுத்த வாரம்: உங்கள் கடையிலோ கூடத்திலோ இருக்கும் ஒரு பதிவேட்டை எடுத்து, இரண்டு டிராப்-டவுன்கள் உள்ள தேடல் படிவத்தை முதலிலிருந்து கட்டுவோம். அதற்குள் அந்தப் பதிவேட்டில் நிரப்பாமல் விடப்பட்ட கட்டங்கள் எத்தனை என்று எண்ணி வையுங்கள். அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.*